ஹாஜிக்கு நாக்கு வேண்டும்

ஹாஜி ஜிலாலியைக் குதிரை மேல் ஏற்ற நான்கு பேர் வேண்டியிருந்தது. கீழே தள்ள ஒருத்தி போதும்.

அந்த ஒருத்தி, குதிரையின் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் நின்றாள்.

"யாம்னா, அசையவிடாதே!" என்று கத்தினாள் நவால். ஹாஜியின் இடுப்பு அவள் தோளில் கனத்தது. நவால் காஸாபிளாங்காவில் படித்துவிட்டுக் கடலோரமாக இந்தக் குதிரைச் சிகிச்சைப் பண்ணையைத் தொடங்கிய பிசியோதெரபிஸ்ட். பேச்சு வராத குழந்தைகள், நடை போன பெரியவர்கள், தூக்கம் போன ராணுவக்காரர்கள் என்று அவளிடம் எல்லா ரகமும் வரும். இன்று பக்கவாதம் வந்திருந்தது.

ஹாஜியின் வலது கை, வலது கால், நாக்கு மூன்றும் ஒரே காலையில் போய்விட்டன. ஒரு காலத்தில் அவர் தொண்டையைக் கனைத்தால் பதினைந்து குதிரைகளின் காதுகள் விறைக்கும். இப்போது அவர் வாயோரத்து எச்சிலை மகன் பூஷைப் துடைத்துக்கொண்டிருந்தான்.

ஒருவழியாக உட்கார வைத்தார்கள். ஹாஜி தலையை நிமிர்த்தினார். குதிரையின் காதுகளுக்கு நடுவே யாம்னாவின் முகம் தெரிந்தது. இடது கை பிடரி மயிரைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

நாக்குதான் போயிருந்தது. ஞாபகம் போகவில்லை.

"அக்கா, பழசையெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க. அவர் படற பாட்டைப் பாருங்க" என்றான் பூஷைப், தணிந்த குரலில்.

"நான் என்னத்த வெச்சிருக்கேன் பூஷைப்? இந்தக் கையில மூணு விரல்தான் வெச்சிருக்கேன்" என்று இடது கையைக் காட்டினாள் யாம்னா.



"உனக்குச் சங்கடமா இருந்தா வேற யாரையாவது கயிறு பிடிக்கச் சொல்றேன்" என்றாள் நவால். யாம்னா திருவிழா மைதானத்தில் விழுந்தவள் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். மற்றது தெரியாது.

"சங்கடமா? எனக்கா? ஹாஜிகிட்டதான் நான் குதிரையே ஓட்டினேன். கடமை இருக்கு இல்ல?"

குதிரை நடந்தது.

*

துக்காலா சீமையில் ஆகஸ்டு மாதம் வந்தால் மனிதர்களுக்குக் குதிரைத் திருவிழாவைத் தவிர வேறு பேச்சு கிடையாது. வரிசையாகப் பதினைந்து குதிரைகள் பறந்து வரும். தலைவர் கூவுவார். பதினைந்து வெடிமருந்துத் துப்பாக்கிகளும் ஒன்றாக நிமிரும், ஒன்றாக வெடிக்கும். கேட்பவன் காதில் ஒரே ஒரு சத்தம்தான் விழ வேண்டும். ஒரு துப்பாக்கி பிந்தினாலும் அந்தக் குழு அடுத்த வருடம் வரை சந்தையில் தலைகாட்ட முடியாது.

அப்பா இறந்ததும் அவர் இடத்துக்கு யாம்னா வந்தாள். ஹாஜி தலைவராக இருந்த ஜிலாலி குழுவின் முதல் பெண். ஊர் கொஞ்சம் முணுமுணுத்தது, பிறகு கைதட்டியது. பிறகு கைதட்டல் ஹாஜியைத் தாண்டி அவளுக்குப் போக ஆரம்பித்தது. "அடுத்த வருஷம் யாம்னாவே கூவட்டும்பா!" என்று கூட்டத்தில் எவனோ கத்தினான். ஹாஜி சிரித்துக்கொண்டே கேட்டார்.

அடுத்த திருவிழாவில் அவள் கையில் துப்பாக்கிக் குழல் பிளந்தது.

மருந்தை அளந்து பொட்டலம் கட்டி, ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பவர் தலைவர். வாங்கிக் குழலில் கொட்டிக்கொள்வது அவரவர் பாடு. அன்று பொட்டலம் கொஞ்சம் கனத்தது போல அவளுக்குத் தோன்றியது. ஆனால் தலைவர் கொடுத்ததை உள்ளங்கையில் வைத்து நிறுத்துப் பார்ப்பது, அவர் முகத்தில் துப்புவதற்குச் சமம். எந்தக் குழுவிலும் எவனும் செய்ய மாட்டான். யாம்னாவும் செய்யவில்லை. கொட்டிக்கொண்டாள்.

இரண்டு விரல் போயிற்று. மிரண்ட குதிரையிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு நொறுங்கியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழிப்பதற்குள் கதை ஊரைச் சுற்றி வந்துவிட்டது: ஆம்பளைங்களைவிடத் தன் துப்பாக்கி சத்தமா வெடிக்கணும்னு ஒரு பொட்டலத்தைக் களவாடி ரெண்டா போட்டுக்கிட்டா. பேராசை.

சொன்னவர் ஹாஜி. மக்காவைப் பார்த்து வந்த வாய். யார் சந்தேகப்படுவார்கள்?

உண்மை இரண்டே பேருக்குத் தெரியும். அதில் ஒருவருக்குப் பக்கவாதம் வந்த அன்று ஊரே அவருக்காகத் துஆ கேட்டுப் பிரார்த்தித்தது. யாம்னா அழுதாள். இரக்கத்தால் அல்ல. அவளுக்குச் சேர வேண்டிய ஒரே ஒரு வாக்கியம் அந்த வாய்க்குள் இருந்தது. அதைப் போய் யாரோ பூட்டிவிட்டார்கள்.

*

மஸ்ஊத் என்ற அந்தச் சாம்பல் குதிரையின் முதுகில்தான் யாம்னாவும் எழுந்தாள்.

கோலூன்றி நொண்டிக்கொண்டு வந்தவளை நவால் சேணம் இல்லாமல், கம்பளி விரிப்பின் மேல் உட்கார வைத்தாள். "நீ ஒண்ணும் பண்ணாதே. அவன் நடப்பான், உன் இடுப்பு கத்துக்கும்" என்றாள். அப்படித்தான் நடந்தது. குதிரை ஒவ்வொரு அடி வைக்கும்போதும் அவள் இடுப்பு இடமும் வலமுமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. மனிதர் நடக்கும்போது அசைகிற அதே அசைவு. கால் மறந்துபோனதை முதுகெலும்பு ஞாபகப்படுத்திக்கொண்டது. குதிரையின் உடல் சூடு தொடைவழியே ஏறி, கட்டை போல் இறுகியிருந்த தசைகளை இளக்கியது. இரவில் தூக்கம் வந்தது. பசித்தது. ஒரு நாள் தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே முற்றத்தைக் கடந்துவிட்டு, கோலை எங்கே வைத்தோம் என்று தேடினாள்.

எல்லாம் குணமாயிற்று. கோபம் மட்டும் குணமாகவில்லை. அது நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, அவளோடு சேர்ந்து தெம்பாகியிருந்தது.

இப்போது அந்தக் கோபம் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தது.

மஸ்ஊதும் திருவிழாவில் ஓடிய குதிரைதான். வெடிச் சத்தத்துக்கு மிரளாது என்பதற்காகவே நவால் வாங்கியிருந்தாள். பண்ணையில் ஒரு கட்டளை உண்டு: மைதானத்துக் கூவலை எவரும் இங்கே வாய்விட்டுச் சொல்லக் கூடாது. தலைவரின் முதல் கூவலுக்குத் திருவிழாக் குதிரை உடம்பைக் கூட்டிக்கொண்டு நிற்கும். இரண்டாவது கூவலுக்குப் பறக்கும். அப்போது முதுகில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காது.

இரண்டாவது சுற்றில் பூஷைபின் கைபேசி அடித்தது. அவன் நின்றான். மறுபக்கம் நவால், விரிப்பைச் சரிசெய்யக் குனிந்தாள்.

யாம்னா குதிரையின் கழுத்தருகே சாய்ந்து, மூச்சுக்காற்றளவில் முதல் கூவலைச் சொன்னாள்.

மஸ்ஊதின் காதுகள் விறைத்தன. முதுகு வில் போல வளைந்து எழுந்தது. ஹாஜிக்குத் தன் தொடைகளுக்கு நடுவே அது தெரிந்தது. நாற்பது வருடம் குதிரைமேல் இருந்தவருக்கு அடுத்து என்ன வரும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் முகம் வெளுத்தது. யாம்னா அவரைப் பார்த்தபடி, இரண்டாவது கூவலுக்கு உதட்டைக் குவித்தாள்.

"வே..." என்றார் ஹாஜி. "வே... ணாம்."

பூஷைபின் கைபேசி மண்ணில் விழுந்தது.

"பேசிட்டாரு! அக்கா, எங்கப்பா பேசிட்டாரு! யா அல்லாஹ்!" அவன் குதிரையின் மூக்கை முத்தமிட்டான், நவாலின் கையை முத்தமிடப் போனான், அவள் இழுத்துக்கொண்டாள்.

யாம்னா உதட்டை மூடிக்கொண்டாள். 

பூட்டு திறக்கிறது! இந்த மனிதனைக் கீழே போட்டுக் கொன்றால் ஊர் கூடித் தொழுது, நல்லவர் போனார் என்று சொல்லிப் புதைக்கும். அவளோ திருடியாகவே இருப்பாள். வேண்டாம். இந்த நாக்கு பிழைக்க வேண்டும். கொழுகொழுவென்று பிழைத்து எழ வேண்டும்.

"வாரம் ஒரு தடவை போதாது மேடம், மூணு தடவை கூட்டிட்டு வரச் சொல்லுங்க. நானே நடத்தறேன்" என்றாள்.

*

கோபத்தோடு கயிறு பிடித்தால் மஸ்ஊத் நடக்க மறுத்தது. தோளை இறுக்கினால் நின்றுவிடும். பல்லைக் கடித்தால் தலையை உதறும். ஆகவே யாம்னா மூச்சை நீளமாக விடப் பழகினாள். கையை இளக்கினாள். பார்த்தவர்கள், "எவ்வளவு பொறுமை, பாரேன்! அவ மனசு யாருக்கு வரும்?" என்றார்கள்.

ஹாஜி தேறினார். முதலில் முதுகு நிமிர்ந்தது. முதுகு நிமிர்ந்ததும் நெஞ்சு விரிந்தது, மூச்சு ஆழமாகப் போயிற்று, மூச்சோடு சத்தம் வந்தது. குதிரையின் நடைக்கு ஒரு தாளம் உண்டு. ஓர் அடிக்கு ஓர் அசை என்று விட்டால், திக்கித் தவிக்கிற நாக்கும் அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும் என்றாள் நவால். எந்தச் சொற்களில் ஆரம்பிக்கலாம் என்பதை யாம்னாவிடமே விட்டாள்.

யாம்னா ஆரம்பித்தாள்.

"சொல்லுங்க ஹாஜி. பொட் - ட - லம்."

அவர் வாயை இறுக மூடிக்கொண்டார்.

"என்ன வார்த்தை இது? தண்ணி, ரொட்டி, கக்கூஸ், இதெல்லாம் சொல்லிக்கொடு" என்றாள் நவால்.

"காலமெல்லாம் மருந்து அளந்த கை மேடம். பழகின வார்த்தைதான் முதல்ல வரும்." யாம்னா திரும்பினாள். "சொல்லுங்க. பொட் - ட - லம். ரெண் - டு. நான்."

"தண்ணி" என்றார் ஹாஜி, வேண்டுமென்றே.

அடுத்த முறை "ரொட்டி" வந்தது. அதற்கடுத்த முறை, பூஷைப் கேட்காதபடி, "போ... டி" வந்தது.

"அட, வையவே வந்துருச்சே! அப்ப மத்ததும் வந்துரும்" என்று சிரித்தாள் யாம்னா.

அவர் வலது கை பிடரியைத் தொட்டது. அவரைக் குதிரை மேல் ஏற்றும் சாய்வுமேடையில் மூன்று பேர் போதும் என்றாயிற்று, பிறகு இரண்டு பேர். ஒரு நாள் மஸ்ஊதின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஹாஜி குலுங்கிக் குலுங்கி அழுதார். நோய் வந்த நாளிலிருந்து அழாத மனிதர். பூஷைபும் அழுதான். நவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உடம்புல தேங்கி நின்னதெல்லாம் வெளிய வருது. நல்லதுதான்" என்றாள்.

வர வேண்டியது இன்னும் வரலையே என்று யாம்னா நினைத்துக்கொண்டாள்.

அது வந்த விதம்தான் அவள் எதிர்பாராதது. குழு ஆட்கள் சிலர் தலைவரைப் பார்க்கப் பண்ணைக்கு வந்திருந்தார்கள். ஹாஜி குதிரை மேலிருந்து அவர்களைப் பார்த்தார். பிறகு நல்ல கையால் யாம்னாவைச் சுட்டினார்.

"இவ... ரெண்டு... பொட்டலம்."

அவள் கற்றுக்கொடுத்த சொற்கள். 'நான்' மட்டும் 'இவ' ஆகியிருந்தது.

"பாத்தீங்களா, ஞாபகமெல்லாம் அப்படியே இருக்கு!" என்று ஒருவன் தொடையில் தட்டிச் சிரித்தான். "தலைவர் எதையும் மறக்கலப்பா!" ஹாஜியின் கோணல் வாயில், நல்ல பாதி மட்டும் சிரித்தது.

யாம்னா கயிற்றை இறுக்கினாள். இரண்டாவது கூவல் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. மஸ்ஊத் நடுங்கியது, வெள்ளைவிழி தெரிய அவளைப் பார்த்தது. நவால் ஓடிவந்து கயிற்றைப் பறித்தாள்.

"என்ன ஆச்சு உனக்கு? குதிரை இப்படி நடுங்குது! போ. போய் முகம் கழுவிட்டு வா."

யாம்னா போய் முகம் கழுவினாள். குழாயடியில் நின்றபடியே, ஆகஸ்டுக்கு எவ்வளவு நாள் இருக்கிறது என்று யோசித்தாள்.

*

பூஷைப்தான் கேட்டான். இப்போது குழுவுக்கு அவன் தலைவன்.

"அப்பாவை இந்த வருஷம் மன்னிப்பு வரிசையில உக்கார வைக்கணும்க்கா. மைதானத்துக்கு வேணாம், கூடாரத்துக்கு முன்னாடி மட்டும். மஸ்ஊதைக் கொண்டுவர மேடம் சம்மதிச்சுட்டாங்க. கூவல் கேக்காம அவன் காதுல பஞ்சு வெச்சுடலாம். நீங்க கயிறு பிடிக்கணும்."

"வரிசையில நிக்கறதுன்னா நானும் கேக்கணும், கொடுக்கணும். தெரியும் இல்ல?"

"தெரியும். அதான் நல்லது. எல்லாம் தீர்ந்துரும்."

மருந்தைத் தொடுவதற்கு முன்னால், தொழுகைக்குப் போல முகம் கை கால் கழுவி ஒளூ செய்துவிட்டு வரிசையாக நிற்பார்கள். ஒருவர் அடுத்தவரிடம் திரும்பி, "என்னை மன்னிச்சிடு" என்பார். அவர் "மன்னிச்சேன்" என்பார். எதற்கு என்று கேட்பவரும் சொல்வதில்லை, கொடுப்பவரும் விசாரிப்பதில்லை. மைதானத்திலிருந்து யார் திரும்புவார், யார் திரும்பமாட்டார் என்று யாருக்கும் தெரியாது. அதனால் கணக்கைத் தீர்த்துவிட்டுத்தான் மருந்து. மன்னிக்கப்படாத ஒருவன் வரிசையில் இருந்தால் மற்றவர்களும் பொட்டலத்தைத் தொடமாட்டார்கள். தொட்டால் குழல் பிளக்கும் என்று நம்பிக்கை.

திருவிழா நாள். கடற்காற்றில் கூடாரத் துணிகள் படபடத்தன. பதினைந்து குதிரைகள், பட்டு நூல் பூண்ட சேணங்கள், வெள்ளை அங்கிகள். நடுவில் மஸ்ஊதின் மேல் ஹாஜி, யார் பிடியும் இல்லாமல், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பெண்கள் குலவையிட்டார்கள். "பாருங்கடா, சிங்கம் எழுந்துருச்சு!" என்று கூட்டம் கத்தியது.

வார்த்தை வரிசையில் நகர்ந்து வந்தது. மன்னிச்சிடு. மன்னிச்சேன். மன்னிச்சிடு. மன்னிச்சேன். ஹாஜியிடம் வந்தது. ஒரு பக்கத்துக்காரனுக்குக் கொடுத்தார். பிறகு தலைக்கயிற்றுப் பக்கம் திரும்பினார்.

"என்னை... மன்னிச்சிடு."

"எதுக்கு?" என்றாள் யாம்னா.

வரிசை அசையாமல் நின்றது. எவரும் எந்தக் காலத்திலும் கேட்காத கேள்வி அது.

"அக்கா..." என்றான் பூஷைப்.

"நீ சும்மா இரு. உங்கப்பாவுக்கு இப்ப நாக்கு இருக்கு. நான்தான் வாங்கிக் கொடுத்தேன்." அவள் குரலை உயர்த்தவில்லை. "அந்த வருஷமும் இதே இடத்துல நின்னு என்கிட்ட மன்னிப்புக் கேட்டீங்க ஹாஜி. எதுக்குன்னு கேக்காம கொடுத்தேன். அப்பவே அந்தப் பொட்டலம் உங்க இடுப்புல இருந்துச்சு. மன்னிப்பை முன்கூட்டி வாங்கிட்டு இல்ல எனக்கு மருந்து கொடுத்தீங்க? இன்னைக்குக் கடன் கிடையாது. எதுக்குன்னு சொல்லுங்க."

"இவ... ரெண்டு..." என்று ஆரம்பித்தார் ஹாஜி.

"சொல்லுங்க. ஒளூ செஞ்ச வாய். உங்க மகன் முதல் குழலைத் தூக்கப்போறான். பொய்யைச் சொல்லிட்டு அவனைப் பொட்டலத்தைத் தொடச் சொல்லுங்க. நானே மன்னிச்சேன்னு சொல்றேன். அப்புறம் அவன் பாடு, மருந்து பாடு."

பூஷைப் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டான். பத்து விரல்.

ஹாஜி மகனைப் பார்த்தார்.  கூட்டத்தில் எங்கோ ஒரு குழந்தை அழுதது, யாரோ அதட்டினார்கள்.

"நான்" என்றார் ஹாஜி. "பொட்டலம்... ரெண்டு... நான்... கட்டினேன்."

"கேக்கல. அந்தக் கடைசி ஆளுக்குக் கேக்கல" என்றாள் யாம்னா.

"நான்!" அவர் கத்தினார். பழைய மைதானத்துக் குரல், உடைந்து, ஆனால் கடற்கரை வரை கேட்கும்படி. "நான்தான்! அவ இல்ல!"



குழுவின் மூத்த வீரன் ஒருவன் தரையைப் பார்த்தபடி சொன்னான்: "அம்மா, சொல்லிட்டாரு. வார்த்தையைக் கொடுத்துரு. ஜனம் காத்துக்கிட்டிருக்கு."

"உங்க எல்லாருக்கும் மன்னிப்புக் கொடுத்தாச்சு. நீங்க என்னைத் திருடின்னு நம்புனதுக்கும் சேத்து" என்றாள் யாம்னா. "இவருக்கு இல்ல."

அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை. மன்னிக்கப்படாதவர் வரிசையில் இருக்க முடியாது. கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க, தூக்கிவைத்த மகனே ஹாஜியைத் தூக்கி இறக்கினான். ஒருத்தியும் குலவையிடவில்லை.

குழு மைதானத்துக்குப் போயிற்று. ஹாஜி கூடாரத்துக்குப் பின்னால் நாற்காலியில் கிடந்தார், பக்கத்தில் மஸ்ஊதோடு யாம்னா நின்றாள். சற்று நேரத்தில் குளம்பொலி எழுந்தது, கூவல் வந்தது, வெடித்தது. பதினான்கு ஒன்றாக, ஒன்று தனியாகப் பிந்தி. கூட்டம் ஊளையிட்டது. அது பூஷைபின் துப்பாக்கி என்று இருவருக்குமே தெரியும்.

"போதுமா?" என்றார் ஹாஜி. அன்று அவர் திக்காமல் பேசிய ஒரே சொல்.

யாம்னா மஸ்ஊதின் காதிலிருந்து பஞ்சை எடுத்தாள்.

*

அடுத்த சிகிச்சை நாளில் அவர்கள் வரவில்லை. நவால் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என் குதிரையை வெச்சு நீ பண்ணின வேலைக்கு உன்னை வெளிய அனுப்பணும்" என்றாள். "அனுப்பவும் மனசு வரல. அந்த மனுஷன் கால் இன்னும் பாதியில நிக்குது. விட்டா மடங்கிப் போயிடும்."

"விடறதா? யார் விட்டா?" என்று யாம்னா பண்ணை வேனின் சாவியை எடுத்தாள்.

ஹாஜி வீட்டில் கதவு சாத்தியிருந்தது. பூஷைப் திறந்தான். அவன் கண்கள் வீங்கியிருந்தன.

"இன்னும் என்னக்கா வேணும்? குழு கலைஞ்சுருச்சு. அவரு அறையை விட்டு வெளிய வரல. சாப்பிடல. சாகணும்கிறாரு."

"சாகறதாவது? நகரு."

அறையில் ஹாஜி சுவரைப் பார்த்துக் கிடந்தார். யாம்னா அவர் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"எழுந்திரிங்க ஹாஜி. வலது கால் பாக்கி இருக்கு."

"வேணாம்."

"அட, சுத்தமா சொல்றீங்களே! எழுந்திரிங்க. குளிர்காலத்துக்குள்ள உங்களைக் கோல் இல்லாம நடக்க வெச்சுடுவேன். நான் நடக்கலையா? அப்புறம் வியாழக்கிழமை சந்தைக்கு நீங்களே உங்க கால்ல போவீங்க. கறிக்கடை, துணிக்கடை, தேநீர்க்கடை, ஒண்ணு விடாம. யாராவது தூக்கிட்டுப் போனா ஜனம் பாவம்னு வாயை மூடிக்கும். சொந்தக் கால்ல வர்றவனைப் பாத்தாதான் பேசுவாங்க. நான் நொண்டிக்கிட்டுப் போனப்ப என் காதுல விழுந்ததெல்லாம் உங்க காதுலயும் விழட்டும்."

ஹாஜி கண்ணை மூடிக்கொண்டார்.  வெளியே வேனின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"காலணியைக் கொண்டா பூஷைப்" என்றாள் யாம்னா. "வலதை முதல்ல போடு. அந்தக் காலை அவரே தூக்குவாரு."

நெடுநேரம் கழித்து, கால் எழுந்தது.